வால்வு அம்ப், இரண்டு பொக்ஸ்: சேர்த்துக் கொழுவலாமா?

கேள்வி: அண்ணா, நான் பெரியகல்லாறு. சர்ச் பாண்டில் கிற்றார் வாசிக்கிறேன். சுவிஸில் இருக்கும் சித்தப்பா 50 வாட் வால்வு ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி அம்ப்) ஒன்றும், 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு உள்ள பொக்ஸ் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். ஹெட்டின் பின்பக்கம் 4, 8, 16 என்று திருப்பும் சுவிட்ச் இருக்கிறது, ஸ்பீக்கர் ஜாக் இரண்டு. பொக்ஸில் எத்தனை ஓம் என்ற ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. ஊரில் அடித்த பொக்ஸ் ஒன்றும் இருக்கிறது, அதற்குள் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு. நத்தார் கரோலுக்கு இரண்டு பொக்ஸையும் சேர்த்துக் கொழுவலாமா? சவுண்ட் செட் அண்ணா ஒருவர், “ஓம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் அம்ப் எரியும்” என்கிறார். போன ஞாயிறு வாசிக்கும்போது சத்தம் இரண்டு மூன்று தரம் போய்ப் போய் வந்தது. ஸ்பீக்கருக்கும் கிற்றார் வயரைத்தான் போட்டிருந்தோம். இரவில் பழகும்போது பொக்ஸைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்கலாமா? சர்ச்சின் பேஸ் அம்ப் ட்ரான்சிஸ்டர், அதற்கும் இன்னொரு பொக்ஸ் போட ஆசை.

பதில்:

தம்பி, நீங்கள் கேட்ட ஒழுங்கில் இல்லாமல், போன ஞாயிறு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம், இது பொறுக்காது. சத்தம் போய்ப் போய் வந்ததற்குக் காரணம் கிற்றார் பக்கமாக இருந்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஸ்பீக்கர் வயரோ ஜாக்கோ லூசாக இருந்து போயிருந்தால், சத்தம் நின்ற ஒவ்வொரு தரமும் உங்கள் வால்வு அம்ப் ஸ்பீக்கரே இல்லாமல் ஓடியிருக்கிறது. அதைவிட மோசமாக அந்த அம்பை ஓட்ட வழி இல்லை. ஸ்பீக்கர் வயரை மாற்றி, ஜாக்கைத் துப்புரவாக்கும்வரை அதைப் போடவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்று நினைக்கலாம். வால்வு என்பது கூடிய வோல்டேஜில் கொஞ்சக் கரண்ட் தரும் சாமான். ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர், குறைந்த வோல்டேஜில் நிறையக் கரண்ட். இரண்டையும் பொருத்திவைப்பது நடுவில் இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்போமர். 50 வாட் ஹெட் என்றால் உள்ளே அநேகமாக ஈஎல்34 போன்ற பவர் வால்வு இரண்டு இருக்கும், அந்தச் சோடிக்கு ஏறக்குறைய 3,400 ஓம் சுமை பிடிக்கும். 8 ஓம் பொக்ஸை 8 இல் கொழுவினால் வால்வுக்கு அந்த 3,400 தெரியும். அதே 8 இல் 16 ஓம் பொக்ஸைக் கொழுவினால் 6,800 தெரியும், 4 ஓம் என்றால் 1,700. ஆக, பின்னால் இருக்கும் அந்தச் சுவிட்ச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை, எந்தப் பொக்ஸ் வந்தாலும் வால்வுக்கு ஒரே சுமை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது சவுண்ட் செட் அண்ணா சொன்னதை எடுங்கள். ஓம் கூடினால் பரவாயில்லை என்கிறார். சரி, கூட்டிக்கொண்டே போங்கள், 16, 32, 100, ஆயிரம். கடைசியில் எங்கே போய் நிற்கும்? ஒன்றுமே கொழுவாத இடத்தில். வால்வு அம்புக்கு அதுதான் ஆகக் கூடாத இடம். ட்ரான்ஸ்போமருக்குள் ஏறிய சக்தி ஸ்பீக்கருக்குள் இறங்க வழி இல்லாமல் திரும்பி வால்வுப் பக்கமே வோல்டேஜாக எழும்பும். 400, 450 வோல்ட் ஓடும் இடத்தில் ஆயிரத்தைத் தாண்டிய உச்சங்கள் வரும். வால்வு சொக்கெட்டின் பின்களுக்கு இடையே பொறி பாய்ந்து கருகும், ஒருமுறை கருகிய இடம் பிறகு தானே கரண்ட் கடத்தத் தொடங்கிவிடும், இல்லையென்றால் ட்ரான்ஸ்போமரின் உட்சுற்றில் பூச்சு உடைந்து சோட் ஆகும். வாசிக்காமல் சும்மா போட்டு வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காமல் போகலாம். சத்தத்தைக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போது வயர் விட்டுப்போவதுதான் ஆபத்து, உங்களுக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

அந்த அண்ணா பொய் சொல்லவில்லை. அவர் கையாளுவது ட்ரான்சிஸ்டர் அம்ப், அதற்கு அவர் சொன்னது சரி. கோயில் திருவிழாவுக்கு வீதி நெடுகக் கட்டும் ஹோர்ன்களுக்கு 100 வோல்ட் லைன் என்று ஒரு முறை இருக்கிறது, அதில் ஒவ்வொரு ஹோர்னுக்கும் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் உண்டு, அங்கே ஓம் பற்றி யாரும் யோசிப்பதில்லை, ஹோர்ன்களின் வாட்டைக் கூட்டிப் பார்த்து அம்பின் வாட்டுக்குள் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அந்த லைனில் போகும் 30 வாட் ஹோர்ன் ஒன்று அம்புக்கு 333 ஓமாகத் தெரியும். அதைக் கொண்டுபோய் உங்கள் ஹெட்டின் ஸ்பீக்கர் ஜாக்கில் கொழுவினால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கரோல் பரபரப்பில் யாராவது அப்படிச் செய்யப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பொக்ஸ் எத்தனை ஓம் என்று கண்டுபிடிப்பது சுலபம், ஒரு மல்ட்டிமீற்றர் போதும், விலை குறைந்ததே போதும். ஸ்பீக்கர் வயரின் ஒரு முனையைப் பொக்ஸில் கொழுவி, மறுமுனையில் ஜாக்கின் நுனிக்கும் உடம்புக்கும் இடையே ஓம் அளவில் பாருங்கள். அம்பில் கொழுவிய நிலையில் அளக்கக் கூடாது, அப்போது ட்ரான்ஸ்போமரின் சுற்றையும் சேர்த்து அளந்து பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டும், பொக்ஸ் பழுது என்று நினைத்துவிடுவீர்கள். மீற்றர் காட்டுவது சுருளின் தடையை மட்டும், ஆகவே பெயரளவு ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 3, 3.5 காட்டினால் அது 4 ஓம், 6 இலிருந்து 7 வரை என்றால் 8, 12, 13 என்றால் 16. உண்மையில் ஒரு ஸ்பீக்கர் வாசிக்கும்போது ஒரே ஓமில் நிற்பதே இல்லை, 80, 100 ஹேர்ட்ஸ் பக்கம் எங்கேயோ ஏறிப்போய்ப் பிறகு இறங்கும், மேல் சுருதியில் மறுபடி ஏறும். 8, 16 என்று ஒட்டியிருப்பது கணக்குக்கு வைத்துக்கொண்ட பெயர்தான், அம்பும் அந்தப் பெயரை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் நீங்களும் நம்பலாம்.

நான்கு ஸ்பீக்கர் பொக்ஸ் பெரும்பாலும் 16 ஓம் ஸ்பீக்கர் நான்கை இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து, அந்த இரண்டு சோடியையும் சமாந்தரமாகச் சேர்த்தது, மொத்தம் மறுபடி 16. மீற்றரில் 25 பக்கம் காட்டினால் ஒரு சோடி அறுந்திருக்கிறது, ஒரு சுருள் போயிருக்கும் அல்லது உள்ளே ஒரு வயர் கழன்றிருக்கும், மற்றச் சோடி தனியாக 32 ஓமாக நிற்கிறது. கப்பலில் குலுங்கி வந்த பொக்ஸுக்கு இது நடக்காத விஷயம் இல்லை. இன்னொன்று, சில பொக்ஸுகளின் பின்னால் மோனோ, ஸ்டீரியோ என்று சுவிட்ச் இருக்கும். ஸ்டீரியோவில் வைத்து ஒரு ஜாக்கில் மட்டும் கொழுவினால் இரண்டு ஸ்பீக்கர்தான் பாடும், ஓமும் மாறிவிடும். பின்பலகையைக் கழற்றி ஸ்பீக்கரின் முதுகில் அச்சடித்திருப்பதையும் ஒருமுறை பாருங்கள், ஓம் மட்டுமல்ல வாட்டும் இருக்கும். பழைய வகை 25 வாட் ஸ்பீக்கராக இருந்தாலும் நான்கு என்றால் 100 வாட், உங்கள் 50 வாட் ஹெட்டுக்குத் தாராளம். 50 வாட் வால்வு அம்பை முழுக்கத் திருகினால் 50க்கு மேலேயும் தரும், அதனால் 50 வாட்டுக்கு 50 வாட் ஸ்பீக்கர் என்று இறுக்கிப் பிடிப்பது எனக்குப் பிடிக்காது.

ஊரில் அடித்த பொக்ஸில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று எழுதவில்லை. சவுண்ட் செட் கைப்பழக்கத்தில் அநேகமாகச் சமாந்தரம், அப்படியென்றால் 4 ஓம். பெரிய பொக்ஸ் 16 என்று வைத்துக்கொள்வோம். ஹெட்டின் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் ஜாக்கும் பெரும்பாலான ஹெட்களில் சமாந்தரமாகவே இருக்கும். 16உம் 4உம் சமாந்தரமாகச் சேர்ந்தால் 3.2 ஓம். உங்கள் சுவிட்சின் ஆகக் குறைந்த இடம் 4, அதற்கும் கீழே போய்விட்டது. அதைவிட எனக்கு எரிச்சல் தருவது வேறு விஷயம், 50 வாட்டில் 40 வாட் ஊர்ப் பொக்ஸுக்குப் போகும், சுவிஸிலிருந்து கப்பலேறி வந்த நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து மிச்சம் 10 வாட். ஓம் குறைந்த பக்கம்தான் கூடக் கரண்ட் ஓடும். நல்ல பொக்ஸை மேடை அலங்காரத்துக்கு வைத்த மாதிரி ஆகிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது, காசும் பெரிதாகப் போகாது. ஊர்ப் பொக்ஸைத் திறந்து இரண்டு ஸ்பீக்கரையும் தொடராக மாற்றுங்கள். ஜாக்கின் நுனியிலிருந்து வரும் வயர் முதல் ஸ்பீக்கரின் பிளஸுக்கு, முதல் ஸ்பீக்கரின் மைனஸ் இரண்டாவதின் பிளஸுக்கு, இரண்டாவதின் மைனஸ் ஜாக்கின் உடம்புக்கு. அவ்வளவுதான். இப்போது அது 16 ஓம், மீற்றரில் 12, 13 வர வேண்டும். மறுகா 16உம் 16உம் சமாந்தரமாகச் சேர்ந்து 8, ஹெட்டின் சுவிட்சை 8 இல் வைத்தால் பொக்ஸுக்கு 25 வாட்டாகச் சரிபாதி. பூட்டுவதற்கு முன் சாதாரண 1.5 வோல்ட் பற்றரி ஒன்றின் பிளஸை ஜாக்கின் நுனிக்கும் மைனஸை உடம்புக்கும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம், முன்னால், தள்ள வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் ஒன்றின் வயரை மாற்றிக் கொழுவியிருக்கிறீர்கள், அப்படியே விட்டால் அடித்தொனி காணாமல் போய்விடும். பெரிய பொக்ஸையும் இதே மாதிரி ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பொக்ஸும் ஒரே பக்கம் தள்ளினால்தான் சேர்த்துக் கொழுவியதற்குப் பயன்.

அந்தப் பொக்ஸின் ஸ்பீக்கர்கள் கிற்றாருக்கென்று செய்தவை இல்லை என்றால் டிஸ்டோர்ஷன் போட்டதும் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம் கேட்கும். கேட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் பெரிய பொக்ஸ் ஒன்றே போதும், சுவிட்சை 16 இல் வைத்து வாசியுங்கள். என்னைக் கேட்டால் நத்தார் கரோலுக்கு அதுதான் செய்வேன். இன்னொரு பொக்ஸ் போட்டால் இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று நினைக்காதீர்கள், வாட் அதே 50தான்.

சுவிட்சும் பொக்ஸும் ஒத்துவராத நிலையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு படி வித்தியாசம், அதாவது 8க்கு 16 அல்லது 8க்கு 4, நல்ல ட்ரான்ஸ்போமர் உள்ள அம்ப் மிதமான சத்தத்தில் ஒரு பாட்டு, இரண்டு பாட்டுக்குத் தாங்கும். பொக்ஸ் கூடுதல் ஓம் என்றால் வோல்டேஜ் பக்கம் அடி, குறைந்த ஓம் என்றால் வால்வுகள் கூடக் கரண்ட் இழுத்துச் சூடேறித் தேயும், உள்ளே தகடு சிவப்பது கண்ணுக்கே தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இரண்டு படி, 16க்கு 4 அல்லது 4க்கு 16, வேண்டவே வேண்டாம். எந்தப் பக்கம் பிழைத்தால் குறைந்த பாதிப்பு என்பதில் அம்ப் செய்யும் கம்பனிகளே ஆளுக்கொரு மாதிரிச் சொல்கின்றன, ஆகவே உங்கள் மொடலின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. சுவிட்சைத் திருப்புவது எப்போதும் அம்பை நிறுத்திய பிறகுதான். ஓடும்போது திருப்பினால் ஒரு படியிலிருந்து மற்றப் படிக்குப் போகும் அந்த ஒரு கணம் ஒன்றிலும் தொடாமல் நிற்கும்.

அப்புறம் வயர். கிற்றார் வயரை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள், வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே நடுவில் ஒரு மெல்லிய நரம்பு, சுற்றிவரப் பின்னல். கிற்றாரிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலுக்குச் செய்தது அது. உங்கள் ஹெட் 8 ஓமில் 2.5 அம்பியர் அனுப்பும், அந்த நரம்பு சூடாகி அதைச் சுற்றிய உறை இளகினால் ஒன்று சோட், ஒன்று அறுந்து போகும், இரண்டுமே வேண்டாம். மின்சாமான் கடையில் 1.5 சதுர மில்லிமீற்றர் இரட்டை ஃபிளெக்ஸ் வயர் வாங்கி, கழற்றிப் பார்க்கக்கூடிய உலோக மோனோ ஜாக் இரண்டை நன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும், பெயர் போட்ட விலை கூடிய வயர் தேவையில்லை. பெரியகல்லாறு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கிற ஊர், உப்புக்காற்று ஜாக்கின் உள்தகட்டைக் கறளாக்காமல் விடாது, மாரி தொடங்கினால் இன்னும் மோசம். கரோலுக்கு முன் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, ஜாக்கைப் பத்துத் தரம் செருகி எடுங்கள், அந்த 4, 8, 16 சுவிட்சுக்கும் அதே வைத்தியம். பல பேர் ஜாக்கைத் துடைப்பார்கள், சுவிட்சை மறந்துவிடுவார்கள். செருகினால் ஆடுகிற ஜாக்கைத் துடைத்துப் பயன் இல்லை, மாற்றுங்கள்.

ஹெட்டை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பொக்ஸைத் திறப்பது வேறு, ஹெட்டைத் திறப்பது வேறு. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கொள்ளளவிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லப் போதும். ஆடுகிற ஜாக்கையும் தெரிந்த ஆளிடமே கொடுத்து மாற்றுங்கள். சுவிஸிலிருந்து வந்ததால் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230, 50 ஹேர்ட்ஸ். கனடாவிலிருந்து வந்திருந்தால் 120 வோல்ட், நேரே செருகிய அன்றே கதை முடிந்திருக்கும். ஆனால் சுவிஸ் பிளக்கை வெட்டி நம் பிளக்கைப் பூட்டியிருப்பீர்கள், அதில் மஞ்சள் பச்சை ஏர்த் வயர் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹம் சத்தம் போகட்டும் என்று ஏர்த்தை வெட்டிவிடும் பழக்கம் இங்கே சிலரிடம் இருக்கிறது. கிற்றார்த் தந்தியில் கை, மைக்கில் உதடு, இடையில் ஏர்த் இல்லாத அம்ப். வேண்டாம் தம்பி.

அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போனால் மோட்டர் சுற்றுகிறவரிடம் கொடுக்கலாம்தானே என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கலாம், சுற்றியும் தருவார், ஆனால் அதில் முதற்சுற்றும் துணைச்சுற்றும் அடுக்கடுக்காக மாறி மாறி வர வேண்டும், பம்ப் மோட்டர் மாதிரி எண்ணிச் சுற்றினால் மேல் சுருதி செத்துவிடும். புதிதாக வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிற செலவை யோசித்தால் ஒரு நல்ல வயரின் விலை ஒன்றுமே இல்லை.

இரவுப் பயிற்சி. பொக்ஸைக் கழற்றிவிட்டு லைன் அவுட் என்பது மேலே சொன்ன அதே ஸ்பீக்கர் இல்லாத ஓட்டம், உங்களுக்குக் காதில் சத்தம் கேட்பதால் அம்ப் நன்றாக இருக்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான். சில புதிய வால்வு அம்புகளில் உள்ளேயே ஒரு சுமை வைத்து, ஸ்பீக்கர் இல்லாமலும் வாசிக்கலாம் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருப்பார்கள். உங்களுடையதில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் இல்லைதான். ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சத்தமில்லாமல் சுமையாக நிற்கும் லோட் பொக்ஸ் என்று தனியாக விற்கிறார்கள், ஓமும் வாட்டும் ஹெட்டோடு பொருந்த வேண்டும், 50 வாட் ஹெட்டுக்கு 100 வாட் தாங்குவதைப் பாருங்கள், விலை கொஞ்சம் உறைக்கும். பழகுவதற்கு மட்டும்தான் என்றால் ஹெட்போன் ஓட்டை உள்ள சின்ன ட்ரான்சிஸ்டர் அம்ப் ஒன்று பழையதாக வாங்குங்கள். வால்வையும் மிச்சம் பிடிக்கலாம், வீட்டில் ஏச்சும் வாங்க வேண்டியதில்லை.

கடைசியாகச் சர்ச்சின் பேஸ் அம்ப். இங்கேதான் அந்த அண்ணா சொன்ன சட்டம் செல்லும். ட்ரான்சிஸ்டர் அம்பில் பொதுவாக அவுட்புட் ட்ரான்ஸ்போமர் இல்லை, 8 ஓமில் 50 வாட் தருவது என்றால் 20 வோல்ட், 2.5 அம்பியர். அதே 20 வோல்ட் 4 ஓமில் 5 அம்பியர், 2 ஓமில் 10 அம்பியர் தள்ளப் பார்க்கும், பாதுகாப்புச் சுற்று இருந்தால் நிறுத்திக்கொள்ளும், இல்லையென்றால் ட்ரான்சிஸ்டர் போகும், போகும்போது சிலவேளை ஸ்பீக்கர் சுருளையும் கூட்டிக்கொண்டு போகும். பின்னால் ‘மினிமம் 4 ஓம்’ என்று எழுதியிருந்தால் அதுதான் எல்லை. ஒரே பெட்டியில் ஸ்பீக்கரும் சேர்ந்த கொம்போ என்றால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே 8, வெளியில் 8 என்றால் மொத்தம் 4, சரி. உள்ளே ஏற்கனவே 4 என்றால் வெளியில் எதையும் கொழுவ இடமில்லை, வெளிப் பொக்ஸைக் கொழுவும்போது உள் ஸ்பீக்கர் தானாகக் கழரும் ஜாக் இருந்தால் மட்டும் 4 ஓமோ 8 ஓமோ உள்ள பொக்ஸ் ஒன்று போடலாம். அம்பின் பின்பக்க எழுத்தையும், பெரிய பொக்ஸில் மீற்றர் காட்டிய எண்ணையும் எழுதி அனுப்புங்கள், பொக்ஸ் வாங்கக் காசு கொடுக்க முன்னம்.